தழும்பு விழுந்த தாமிரம்

கடைகளிலும் பெரிய ஹோட்டல்களிலும் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிற செம்புக் குவளைகளின் மேல் வரிசை வரிசையாகச் சுத்தியல் தழும்பு இருக்கும். வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு தழும்பும் தனித்தனியாக மின்னும். வாங்குகிறவர்கள் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். பிம்ப்ரியில் பிரஸ் ஷாப்புக்கு அச்சு செய்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அது அலங்காரத்துக்காகப் பிறந்ததல்ல. பாத்திரம் நசுங்காமல் இருப்பதற்காக விழுந்த அடி. அழகு அதன் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. புனே நகரத்தின் கைவினை வரலாற்றை இந்த அடியிலிருந்து தொடங்கிப் பார்த்தால்தான் எனக்கு அது பிடிபடுகிறது.

உலோகத்தின் குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கருவி செய்யும் எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் இறுகிப்போகும். செம்பு நேர்மாறு. காய்ச்சினால் இளகும், உடனே தண்ணீரில் போட்டாலும் இளகியபடியேதான் இருக்கும். அடிக்க அடிக்கத்தான் இறுகும். தட்டையான தகட்டைக் குடமாக்கும்போது அடிபட்ட இடம் இறுகி, மேலே அடித்தால் விரிசல் விடும் நிலைக்கு வந்துவிடும். அதனால் நடுநடுவே உலையில் போட்டு இளக்கிக்கொள்வார்கள். கடைசி முறை இளக்கியதோடு விட்டுவிட்டால் கட்டைவிரலால் அழுத்தினாலே பள்ளம் விழும். ஆகவே உருவம் முடிந்த பிறகு ஓரிடம் விடாமல் பாத்திரம் முழுவதையும் இன்னொரு முறை அடித்து இறுக்க வேண்டும். மராத்தியில் இதற்கு 'மட்டார்' வேலை என்று பெயர். கார் கதவின் உள்தகட்டில் நீளநீளமாக மேடு எழுப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சில் அந்த மேட்டை நாங்கள் 'பீட்' என்போம். மெல்லிய தகடு வளையாமல் நிற்க அதுதான் வழி. ஒன்று உலோகத்தையே இறுக்குகிறது, மற்றொன்று வடிவத்தால் விறைப்பைத் தருகிறது. இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே: குறைந்த உலோகத்தில் நிறைந்த பலம்.

இந்த வேலை நடக்கும் தாம்பட் ஆளி, அதாவது செம்பு கொட்டிகளின் தெரு, புனேயின் மிகப் பழைய பகுதியான கஸ்பா பேட்டையில் இருக்கிறது. நம் ஊரில் தட்டாரத் தெரு, கன்னார் தெரு இருப்பது போல அங்கே தொழிலுக்கொரு ஆளி. மூங்கில் வேலை செய்கிற புருட் ஆளி பக்கத்திலேயே இருக்கிறது, குயவர்களின் கும்பார்வாடாவும் தூரமில்லை. 2024 செப்டம்பர் கடைசியில் மெட்ரோ ஸ்வார்கேட் வரை நீண்ட பிறகு பிம்ப்ரியில் ஏறினால் வண்டி மாறாமல் கஸ்பா பேட்டையில் இறங்கிவிடலாம். மேலே வந்ததும் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. சத்தம் வரும் பக்கம் நடந்தால் போதும்.

நான் போய் உட்காரும் பட்டறையின் பெரியவருக்கு எழுபதை ஒட்டிய வயது. அவரை நான் 'காகா' என்பேன். தெற்கத்திக்காரன் யாராக இருந்தாலும் இங்கே 'அண்ணா' என்பதால், வயதில் மூத்த அவரும் என்னை அப்படியே அழைக்கிறார். தரையில் உட்கார்ந்து, மரக்கட்டையில் பதித்த இரும்புத் தண்டின் உருண்டை நுனியில் பாத்திரத்தைக் கவிழ்த்து, பாதத்தால் அணைத்துக்கொள்கிறார். இடது கை ஒவ்வோர் அடிக்கும் பாத்திரத்தை இழையளவு திருப்பும். வலது கையில் சுத்தியல். அதன் முகம் முகம் பார்க்கிற கண்ணாடி போல மெருகேறி இருக்கும். சுத்தியல் முகத்தில் ஒரு கீறல் இருந்தால் அந்தக் கீறல் பாத்திரம் முழுக்கப் பதிந்துவிடும். எங்கள் அச்சிலும் அதே விதிதான். அச்சில் முடியளவு கீறல் விழுந்தால் அன்றைய ஷிப்டில் வந்த அத்தனை தகடும் கழிவு. அதனால் வேலை தொடங்குவதற்கு முன் அவர் சுத்தியலைத் துணியில் தேய்க்கிற அந்த அக்கறை எனக்கு உடனே புரிந்தது.

"அடி அடியோடு ஒட்டணும் அண்ணா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறக் கூடாது," என்றார்.

"இறுகிடுச்சுன்னு எப்படித் தெரியும் காகா?"

"காது சொல்லும்."

உண்மைதான். இளகிய செம்பு 'தொப்' என்று விழுங்கும். இறுக இறுக ஓசை மேலே ஏறி மணி போல எழும். இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. 1713-ல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமட்ஸினி, தொழிலாளர்களின் நோய்களைப் பற்றிய தன் நூலின் இரண்டாம் பதிப்பில் வெனிஸ் நகரத்துச் செம்பு கொட்டிகளைப் பற்றி எழுதினார். அவர்களும் ஒரே பேட்டையில் கூடி வாழ்ந்தார்கள். நாள் முழுக்க அடிக்கிற ஓசையில் அவர்களுக்குக் காது மந்தமாகி, வயதானால் முழுச்செவிடாகிவிடும் என்று பதிந்திருக்கிறார். கஸ்பா பேட்டையிலும் வயதானவர்களிடம் உரக்கத்தான் பேச வேண்டியிருக்கிறது. எங்கள் பிரஸ் ஷாப்பில் காதடைப்பான் போடாமல் உள்ளே விடமாட்டார்கள். இங்கே அதைப் போட்டுக்கொண்டால் செம்பு சொல்வது கேட்காது. தொழிலைக் காப்பாற்றும் காதையே தொழில் தின்றுவிடுகிறது. தாம்பட் ஆளியைப் பற்றி அழகழகான படங்களோடு வருகிற கட்டுரைகளில் இந்த ஒன்றைக் காணோம் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

தாம்பட்டுகள் கொங்கணக் கரையிலிருந்து வந்தவர்கள். மராட்டிய அரசை நடத்திய பேஷ்வாக்களின் பூர்வீகமும் கொங்கணம்தான், ஸ்ரீவர்த்தன். புனேயில் சனிவார்வாடா அரண்மனைக்கு 1730-ல் அடிக்கல் விழுந்து 1732-ல் குடிபுகுந்த பிறகு, ஒரு சிற்றூர் பேரரசின் தலைநகரமானது. தலைநகரத்துக்குச் செம்பு ஏன் இவ்வளவு தேவைப்பட்டது என்பதற்குக் காரணங்கள் கண்ணுக்கு நேரே இருக்கின்றன. சந்தியாவந்தனம் செய்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் பஞ்சபாத்திரமும் உத்தரணியும், அர்க்கியத் தண்ணீர் விழ ஒரு தாமிரத் தட்டும் வேண்டும். பேஷ்வாக்கள் ஆவணி மாதத்தில் நடத்திய தட்சிணைக்குத் தூரதேசங்களிலிருந்தெல்லாம் ஆயிரக்கணக்கில் பிராமணர்கள் வந்து குவிந்தார்கள். அத்தனை பேருக்கும் சமைக்க அண்டாவும் குண்டானும் இல்லாமல் முடியுமா? சிவாஜி 1674-ல் முடிசூடியபோது தொடங்கிய 'சிவராய்' என்ற செப்புக்காசு பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் கடைத்தெருவில் கை மாறியது. பீரங்கி, காசு, அரச முத்திரை என எல்லாவற்றிலும் தங்கள் முன்னோரின் கை இருந்தது என்பது ஆளியில் இன்றும் பெருமையாகச் சொல்லப்படுகிற பேச்சு.

1817 நவம்பர் 5 அன்று கட்கியில் நடந்த போரில் பேஷ்வாவின் படை தோற்றது. அடுத்த ஆண்டு ஆட்சியே முடிந்துபோனது. படை இல்லை, காசடிக்கும் சாலை இல்லை, அரண்மனை விருந்தும் இல்லை. மிஞ்சியது சமையலறை ஒன்றுதான்.

இந்த இடத்தில் எனக்குத் தஞ்சாவூர் நினைவுக்கு வராமல் இருக்காது. நான் பிறந்தது கும்பகோணம் பக்கம். தஞ்சாவூரிலும் ஒரு மராட்டிய அரண்மனை இருந்தது. 1799 உடன்படிக்கையில் இரண்டாம் சரபோஜி நாட்டின் நிர்வாகத்தைக் கும்பினியிடம் விட்டுக்கொடுத்தார். தஞ்சையிலும் படைக்கலம் செய்தவர்களுக்கு வேலை போனது. சரபோஜி காலத்தில் அந்தக் கைகள்தான் தஞ்சாவூர்த் தட்டைச் செய்யத் தொடங்கின என்று அங்கே சொல்வார்கள்: வெள்ளி, செம்பு, பித்தளை மூன்றும் சேர்ந்து, நடுவில் சாமி உருவம் புடைத்து நிற்கிற தட்டு. கேடயத்தின் வட்டம் அதில் அப்படியே இருக்கிறது. சுவரில் மாட்டவும் பரிசளிக்கவும் மட்டுமே ஆன பொருள் அது. ஆயுதம் இழந்த தஞ்சாவூர் அலங்காரத்துக்குப் போனது, புனே அடுக்களைக்குப் போனது. இரண்டில் எது உயர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தஞ்சாவூர்த் தட்டுக்கு அருங்காட்சியகத்தில் உடனே இடம் கிடைத்தது. தாம்பட்டின் வெந்நீர் பாய்லர் 'கலை' என்ற பேரைப் பெற இருநூறு வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று. இதை நியாயம் என்று என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த ஆளி ஆரம்பத்தில் அந்நியமாகத்தான் இருந்தது. நாச்சியார்கோவிலில் வார்ப்பு வேலை. காவிரி வண்டலில் அச்செடுத்து, உருக்கிய பித்தளையை ஊற்றி, கடைசலில் பிடித்துக் கடைந்து மெருகேற்றுவார்கள். இங்கே உருக்குவதே இல்லை. எல்லாம் அடித்தே எழ வேண்டும். பாத்திரத்தின் இரண்டு பாதிகளை இணைக்கும்போது ஓரங்களைப் பல் பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, வெங்காரம் தூவிப் பற்றவைத்து, மறுபடி அடித்துச் சமன் செய்கிறார்கள். நல்ல கையாக இருந்தால் அந்தப் பல்வரிசை, செம்புக்குள் ஒரு மஞ்சள் கோடாக மட்டுமே மிஞ்சும். பழைய குடங்களில் இடுப்பைச் சுற்றி ஓடுகிற அந்தக் கோட்டையும் அலங்காரம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு.

ஆளியின் வரலாற்றில் ஒரே ஒருவருடைய பெயர் உலகம் அறிந்த பெயராக நிற்கிறது. அவர் பாத்திரம் செய்து பெயர் பெறவில்லை. கங்காராம் சிந்தாமண் தாம்பட். பெயரிலேயே குலத்தொழில் ஒட்டியிருக்கிறது. 1786-ல் புனேவுக்குக் கும்பினியின் ரெசிடெண்டாக வந்த சார்லஸ் மாலெட், உள்ளூரில் வரையத் தெரிந்த கையைத் தேடியபோது கிடைத்தவர் இவர். 1790 நவம்பரில் பேஷ்வாவின் மிருகசாலையில் இருந்த காண்டாமிருகத்தை அவர் வரைந்த படம் இன்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்து ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ் புனேவுக்கு வந்த பிறகு அவரோடு சேர்ந்து வேலை செய்தார். எல்லோராவுக்குப் போய்க் குகைகளை வரைந்தார். வேல்ஸ் 1795-ல் இறந்துபோக, அவருடைய எல்லோராப் படங்களை தாமஸ் டேனியல் 1803-ல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அட்டையில் வேல்ஸ் பெயர் உண்டு, கங்காராம் பெயர் இல்லை.

அந்தக் காண்டாமிருகத்தின் அச்சுப் பிரதியைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அதன் தோலில்தான் நிற்கிறது. மடிப்பு மடிப்பான தோலும் அதன் மேல் உள்ள புடைப்புகளும், தகடு அடித்துப் பழகிய ஒருவன் பார்த்த மாதிரி இருக்கின்றன. இதற்குச் சான்று காட்ட என்னால் முடியாது. தகட்டோடு வாழ்ந்தவனின் ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் புனே, கைவினையில் வறண்ட ஊர் அல்ல. தொழில் செய்கிறவர்களின் உருவங்களை நிஜத் துணி உடுத்திய சின்னக் களிமண் பொம்மைகளாகச் செய்து விற்றார்கள். அவை 'பூனா பொம்மைகள்' என்று சீமைக்குப் போயின. வெள்ளியில் தெய்வ உருவங்களை ஆழமாகப் புடைத்தெடுக்கிற வேலை நடந்தது. சென்னை மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் பேர்பெற்றிருந்த 'சாமி' வேலைக்கு அது தம்பி முறை. 1878-ல் விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர் தொடங்கிய சித்ரசாலா அச்சகம் சாமி படங்களைக் கல்லச்சில் அடித்து வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. ஜரிகைக்கும் பேர் இருந்தது. இவை எல்லாவற்றையும் விரித்தால் கட்டுரை ஆளியை விட்டு எங்கோ போய்விடும். நான் கவனிப்பது ஒன்றுதான்: இவற்றை வாங்க வெள்ளைக்காரரோ வசதியுள்ளவரோ வர வேண்டும், செம்புக் குடத்தை வாங்காத வீடே அன்று புனேயில் இல்லை. அதனால்தான் அரண்மனை போன பிறகும் ஆளி நூறு வருஷம் தாக்குப்பிடித்தது.

தாம்பட் ஆளிக்கு வந்த உண்மையான அடி நம் சென்னையிலிருந்து கிளம்பியது என்று சொன்னால் வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். சென்னைக் கலைப் பள்ளியின் பொறுப்பில் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1898-ல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். கைவினைஞருக்குப் புதுத் தொழில் தருவதுதான் அவருடைய எண்ணம்; கெட்ட நோக்கம் எதுவும் இல்லை. ஆனால் அலுமினியத்துக்கு ஈயம் பூச வேண்டாம், எடை இல்லை, விலை இல்லை. செம்பில் ஈயப்பூச்சு தேய்ந்தால் புளியும் மோரும் களிம்பேறி விஷமாகும். வருஷத்துக்கு இரண்டு முறையாவது பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரப் பொடி தூவி, புகை எழும்போதே ஈயத்தைப் பஞ்சால் தேய்த்துவிட வேண்டும். என் அம்மா திண்ணையில் தவலைகளை அடுக்கிவைத்து ஈயம் பூசுகிறவருக்காகக் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பிலிருந்து விடுதலை கிடைத்தால் எந்தப் பெண் வேண்டாம் என்பாள்? சுதந்திரத்துக்குப் பிறகு எவர்சில்வர் வந்தது. மிச்சமிருந்ததையும் அது எடுத்துக்கொண்டது. புனே வீடுகளில் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது 'பம்ப்' என்று அவர்கள் சொல்லும் வெந்நீர் பாய்லர்தான், நடுவில் கரி எரிகிற குழாயோடு. குளியலறைக்கு மின்சார கீசர் வந்ததும் அதுவும் முடிந்தது.

இன்னொரு இழுவிசை எங்கள் பிம்ப்ரி. 1954-ல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் உருவாகி இங்கே பெனிசிலின் தொழிற்சாலை எழுந்தபோது சுற்றிலும் வயல்தான். 1962-ல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் உருவாகி பிம்ப்ரியிலும் சிஞ்ச்வாடிலும் தொழிற்பேட்டை போட்டது. பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் நாங்கள் வந்து இறங்கினோம். மாதச் சம்பளம், பிராவிடண்ட் ஃபண்ட், கேன்டீன் சாப்பாடு. அதே வேலைக்கு ஆளியின் பிள்ளைகளும் வந்தார்கள். என் பக்கத்து மேஜையில் அச்சுக்கு மெருகு போட்ட ஒருவர் தாம்பட் குடும்பம். அளவுகோல் வைக்காமல் விரலால் தடவியே மேடு பள்ளம் சொல்வார், நாங்கள் மைக்ரோமீட்டர் வைத்துச் சரிபார்த்தால் சரியாக இருக்கும். அவர் கையில் இருந்தது ஆளியின் வித்தை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. இந்தத் தொழிற்பேட்டை எஞ்சினியரிங் கல்லூரிகளால் மட்டும் எழுந்ததல்ல. கஸ்பா பேட்டையின் விரல்களும் அதில் இருக்கின்றன. கார்ப்பரேஷன் வைக்கிற எந்தக் கல்வெட்டிலும் இதை நான் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்படுகிறேன்.

இந்தப் பொருள்களின் மதிப்பை ஊருக்கு முன்னால் கண்டுகொண்டவர் தினகர் கேல்கர். 1896-ல் பிறந்தவர், கவிஞர். 1920 வாக்கில் தொடங்கி, சின்ன வயதில் இறந்துபோன தன் மகன் ராஜாவின் நினைவாகவே சேர்த்துக்கொண்டு போனார். பாக்குவெட்டி, விளக்கு, மைக்கூடு, சீப்பு, கதவு, தண்ணீர்ச் சொம்பு. அரசர்கள் சேர்க்காததை எல்லாம் அவர் சேர்த்தார். ஆயிரக்கணக்கில் பொருள்கள் சேர்ந்த பிறகு மொத்தத்தையும் மாநில அரசுக்குக் கொடுத்துவிட்டார். ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தின் பாக்குவெட்டி அலமாரியின் முன் நின்று பாருங்கள். கிளி, குதிரை, ஆணும் பெண்ணும் தழுவியது என்று எத்தனையோ வடிவம். ஆனால் கைப்பிடியின் வளைவு ஒவ்வொன்றிலும் விரல் வழுக்காத இடத்தில்தான் வளைகிறது. செம்பில் சொன்ன அதே சேதிதான் இரும்பிலும் பித்தளையிலும். ஒன்றில்கூடச் செய்தவர் பெயர் இல்லை.

ஆளியில் இன்று சுத்தியல் பிடிப்பது சில பத்துக் குடும்பங்கள். பாரம்பரியத்தைக் காக்கும் இன்டாக் அமைப்பின் புனே கிளையும் சில வடிவமைப்பாளர்களும் கைகொடுத்ததில் விளக்குக்கூடு, தண்ணீர்க் குவளை, பரிமாறும் கிண்ணம் என்று புது உருப்படிகள் போகின்றன. தகடு வட்டமாக வெட்டியே வருகிறது, உருவத்தைக் கடைசல் இயந்திரம் கொடுத்துவிடுகிறது. இதைக் குறை சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். முதுகு ஒடிகிற வேலையை இயந்திரம் செய்யட்டும். கடைசி அடி மட்டும் கையில் இருந்தால் போதும், அதுதான் பாத்திரத்துக்கு உயிர்.

அந்தக் கடைசி அடியையும் போலி செய்கிற தகடு இப்போது சந்தையில் நிறைய. குழி பதித்த உருளையில் ஓட்டி, 'கைவேலை' என்று விற்கிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம். உருளையில் ஓடியதில் ஒரே குழி அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும், உள்பக்கம் தடவினால் வெளிக்குழி ஒவ்வொன்றும் மேடாகக் கையில் தட்டும். கையில் அடித்ததில் தழும்பு குழியாக இருக்காது. சின்னச் சின்னத் தட்டை முகமாக இருக்கும், எந்த இரண்டும் ஒரே அளவில் இருக்காது, உள்பக்கம் வழவழப்பாக இருக்கும். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், நல்ல அடி வாங்கிய செம்பு கணீரென்று பதில் சொல்லும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, தட்டிப் பார்த்தே வாங்குங்கள். முடிந்தால் கடையை விட்டு நேரே ஆளிக்குப் போய்ச் சொல்லிச் செய்துகொள்ளுங்கள். எடை எவ்வளவு, உள்ளே ஈயம் வேண்டுமா வேண்டாமா என்று அவர்களே கேட்பார்கள். நான் என் பேத்திக்கு ஒரு குடம் சொல்லியிருக்கிறேன். அடியில் செய்தவர் பெயரை வெட்டித்தரச் சொல்லிக் கேட்டேன். பெரியவர் தயங்கினார், அப்படி ஒரு வழக்கம் இல்லையாம். பெயர் இல்லாமல் வாங்கமாட்டேன் என்று அடம்பிடித்த பிறகு, பையனைக் கூப்பிட்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.